ரெக்கார்டு மனைவி!

அந்த செல்போன் மறுபடியும் அடித்தது.

எடுக்க ஆளில்லை.

இல்லை, தப்பு... ஆள் இருந்தார். கட்டிலில் மல்லாந்து கிடந்தார். எடுக்கத்தான் அவரால் முடியாது!

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருந்த அந்த லாட்ஜில் ரூம் கூட்டுகிற சந்திரம்மா, கதவைத் தட்டித் தட்டி அலுத்துப் போனாள். கடைசியில் மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தாள்.

கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது.

"அய்யோ... வெங்கடேசா...!"

அவள் போட்ட கூச்சலில், மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பக்தர்கள் மாடியேறி ஓடி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். பிணத்தைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, அப்படியே கியூவில் நின்று சாமி பார்க்கப் போகிற புண்ணியாத்மாக்கள். சீச்சீ!

எஸ்.ஐ. ரேகா வந்துதான் அவர்களை விரட்டினாள். சத்தியவேடு பக்கத்துப் பெண். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கூடவே ஹெட்கான்ஸ்டபிள் கங்கையா. திருப்பதியிலேயே பிறந்து, திருப்பதியிலேயே தலை நரைத்தவர். தமிழும் தெலுங்கும் அவர் வாயில் எப்போதும் கலந்தே வரும்.

ரூமில் கற்பூரமும் பினாயிலும் பழைய வியர்வையும் சேர்ந்து நாறியது. ரேகா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கட்டிலில் கிடந்தவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஒட்ட வெட்டிய தலைமுடி. கட்டிலுக்கடியில் ஜோடி பிசகாமல் வைத்த பூட்ஸ். தரையில் ஒரு தலையணை. அதன் உறையில் எச்சிலும் ரத்தமும் காய்ந்து போயிருந்தன. ஜன்னலோரம் காபி குடித்த பேப்பர் கப்புகள்.

"மிலிட்டரி ஆள் மாதிரி தெரியுது கங்கையா."

"அவுனு... ஆமா மேடம். பூட்ஸ் பாருங்க. செத்தப்புறமும் அட்டென்ஷன்லயே நிக்குது."

செல்போன் மீண்டும் அலறியது. திரையில் 'மங்கா' என்ற பெயர். ரேகா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாங்க... நேத்துலேர்ந்து அடிச்சிகினே கீறேன், எடுக்கவே மாட்டேன்றீங்க? அந்த ஆபீசர் வந்தாரா? சரி பண்ணிட்டாங்களா? இப்பவாவது நான்தான் உங்க பொண்டாட்டின்னு எழுதிட்டாங்களா?"

ரேகா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா... நான் போலீஸ் பேசறேன். நீங்க எங்கிருந்து பேசறீங்க?"

"நகரி... ஏன், அவரு எங்க?"

"கொஞ்சம் திருப்பதி வரைக்கும் வரணும்மா. துணைக்கு யாரையாவது கூட்டிகிட்டு வாங்க."

துணைக்கு ஆளைக் கூட்டி வரச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

லாட்ஜ் மேனேஜர் வாசலில் நின்று கைகளைப் பிசைந்தான்.

"இவரைப் பாக்க யாராச்சும் வந்தாங்களா?" என்றாள் ரேகா.

"நேத்து ஒரு பெரிய மீசைக்காரர் வந்தாரு மேடம். ரூமுக்குள்ள ஒரே சத்தம். அப்புறம் கோவமா இறங்கிப் போனாரு. அவர் போன பின்னாடி இன்னொருத்தர் காபி வாங்கிகினு மேல போனாரு."

"அவர் எப்படி இருந்தாரு?"

"மொட்டை மேடம். தலை நெறைய சந்தனம். மூஞ்சில மாஸ்க்."

கங்கையா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரேய் நாயனா... ஏம்ப்பா, திருப்பதில வந்து மொட்டையை அடையாளம் சொல்றியா? கேமராவுல பாத்தா மாடிப்படி முச்சூடும் மொட்டைதான் இருக்கும்!"

கேமராவில் பார்த்தார்கள். கங்கையா சொன்னது சரி. மீசைக்காரர் மட்டும் பளிச்சென்று தெரிந்தார்.

ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் அந்த மீசையை ரேகா நேரிலேயே பார்த்தாள்!

நகரியிலிருந்து வந்த மங்கா என்கிற அலர்மேல்மங்கைக்குத் துணையாக வந்திருந்தார். அவளுடைய அண்ணன். பெயர் கன்னையா. நகரியில் பவர்லூம் வைத்திருப்பவர். அம்மன் கோயில் கமிட்டித் தலைவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கன்னம் வரை முறுக்கிய மீசை. ரேகாவின் கண்களை மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

ரேகா அதை மனதில் குறித்துக்கொண்டு, முதலில் அந்தப் பெண்மணியிடம் பேசினாள்.

"உங்க வீட்டுக்காரர் திருப்பதிக்கு எதுக்கு வந்தாரு?"

அலர்மேல்மங்கை அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு பேரு தாமோதரன் மேடம். மிலிட்டரில ஹவில்தாரு. ரிடையர் ஆயி இருவது வருசத்துக்கு மேல ஆவுது. போன வருசம் பென்ஷனையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதுதான் தெரிஞ்சுது... அந்தக் காலத்துல எவனோ கிளார்க்கு கட்டம் மாத்தி எழுதிட்டான். பொண்டாட்டி கட்டத்துல எங்க மாமியாரு பேரு, ரத்னம்மான்னு. அம்மா கட்டத்துல என் பேரு!"

"அதாவது... ரெக்கார்டு படி நீங்க அவருக்கு..."

"பெத்த அம்மாவாம்! கட்டின புருசனுக்கு நான் அம்மாவாம் மேடம். சொல்றதுக்கே வாய் கூசுது."

ரேகாவுக்கும் கேட்கக் கூசியது. எவனோ ஒருவன் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கத்தில் கட்டம் மாற்றி எழுதிவிட்டுப் போய்விட்டான். அதற்கு மேலே ஒருவன் படிக்காமலேயே சீல் குத்தியிருக்கிறான். அவர்கள் இரண்டு பேரும் இந்நேரம் பேரன் பேத்தியோடு சௌக்கியமாக இருப்பார்கள்!

"இதைத் திருத்தத்தான் சித்தூருக்கும் நகரிக்கும் அலைஞ்சிகினே இருந்தாரு. நெஞ்சு வலி வந்ததுலேர்ந்து சரியா துன்றதில்ல, தூங்கறதில்ல. புள்ளகுட்டி வேற இல்ல எங்களுக்கு. நான் பூட்டா உன்னை யாருன்னு கேப்பான் மங்கா, நீ இன்னா பதில் சொல்லுவேன்னு ஒரே பொலம்பல். சித்தூர்ல பிரபாகர்னு ஒரு புரோக்கரு. மிலிட்டரிக்காரங்க பேப்பரெல்லாம் அவன்தான் பாக்கறது. ரெக்கார்டு ஆபீசுலேர்ந்து பெரிய ஆபீசர் சாமி கும்புட வராரு, திருப்பதிக்கே வந்துடுங்க, நேர்லயே முடிச்சிடலாம்னு கூப்ட்டான்..."

அவள் முடிக்கவில்லை.

"என் ராசாவே...! என்னை உட்டுட்டு பூட்டியே...!"

பிணவறை வாசலே அதிர்ந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்து படியில் விழுந்து புரண்டாள். முகம் பூராவும் மஞ்சள். நெற்றியில் ரூபாய் அளவு குங்குமம்.

அவளுக்குப் பின்னால், தலையில் கிரிக்கெட் தொப்பியும் கையில் ஃபைலுமாக ஒருவன் நிதானமாக நடந்து வந்தான்.

"நமஸ்காரம் மேடம். நான்தான் பிரபாகர். இந்தம்மா பேரு ரத்னம்மா. செத்துப்போன தாமோதரனோட மனைவி. லாட்ஜ்ல எடுத்த வீடியோவை போன்ல பாத்துட்டு ஓடி வந்தோம். பாடியை இவங்ககிட்ட குடுத்துடுங்க."

அலர்மேல்மங்கை திகைத்து நின்றாள்.

"யார்றா இவ...? எவளோ ஒருத்தியை இஸ்துகினு வந்து..."

"மரியாதையா பேசுங்கம்மா!" பிரபாகர் ஃபைலைப் பிரித்தான். "பாருங்க மேடம். சர்வீஸ் ரெக்கார்டு... மனைவி பேரு ரத்னம்மா. இந்தம்மாவோட ஆதார்... ரத்னம்மா. பலமனேர் அட்ரஸ். ரிடையர் ஆகும்போது ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த ஜாயிண்ட் போட்டோவும் இருக்கு."

"ரெக்கார்டுல தப்பு இருந்துச்சு, அதைத் திருத்தத்தான் உங்ககிட்ட வந்தாருன்னு இவங்க சொல்றாங்களே?"

பிரபாகர் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, செருப்புக் காலில் எதையோ மிதித்துவிட்டது போல இருந்தது ரேகாவுக்கு.

"திருத்தச் சொன்னது உண்மைதான் மேடம். என்னத்தைத் திருத்தச் சொன்னாரு? தாலி கட்டின ரத்னம்மா பேரை எடுத்துட்டு, சேர்த்துக்கிட்ட இந்தம்மா பேரைப் போடச் சொன்னாரு. பாவம்னு நான் மறுத்துட்டேன். நேத்து முழுக்க நான் சித்தூர்லதான் இருந்தேன்."

"சேர்த்துக்கிட்ட...?" அலர்மேல்மங்கை சுவரை விட்டு முன்னால் வந்தாள். "மேடம், அம்மா கட்டத்துல யார் பேரு கீதுன்னு இவனைக் கேளுங்க!"

"அவரோட அம்மா பேரும் அலர்மேல்மங்கைதாங்க. திருச்சானூர் தாயார் பேராச்சே! இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு அலர்மேல்மங்கை இருப்பாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "மேடம், திருத்தம் நடக்காதுன்னு தெரிஞ்சதும் யாருக்குக் கோவம் வந்திருக்கும்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

கொலைப் பழியையும் சேர்த்துப் போட்டுவிட்டான். பாவி!

பிணவறை குமாஸ்தா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பேப்பர் யாரிடம் சரியாக இருக்கிறதோ அவர்களிடம்தான் பாடி போகும் என்று சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தான்.

அலர்மேல்மங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா... நீ சொல்லேன்! திருத்தணி கோயில்ல எனக்குத் தாலி கட்டும்போது நீதானே பக்கத்துல நின்னுகினு இருந்தே?"

"ஆமா... கட்டினாரு... நான் சாட்சி..." கன்னையா முணுமுணுத்தார்.

"கூடப் பொறந்த அண்ணன் வேற எப்படிச் சொல்வாரு?" என்றான் பிரபாகர். "போட்டோ பொய் சொல்லுமா?"

'போட்டோ' என்றதும் கன்னையாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் துளிர்த்தது!

ரேகா பார்த்துவிட்டாள்.

"எல்லாரும் ஸ்டேஷனுக்கு நடங்க. நான் சொல்ற வரைக்கும் பாடியை யாருக்கும் தரக் கூடாது."

ஸ்டேஷனில் முதல் விசாரணை மீசைக்குத்தான்.

"நேத்து எங்க இருந்தீங்க?"

"நகரிலதான் மேடம். லூம்ல வேலை."

"கேமராவுல உங்க மீசை வெண்சாமரம் வீசிகிட்டு மாடிப்படி இறங்குது. பொய் சொன்னா அந்த மீசையை ஒவ்வொரு முடியா பிடுங்குவேன்!"

கன்னையா நாற்காலியில் குறுகினார்.

"வந்தேன்... மாப்ள கூப்ட்டாரு, வந்தேன். ஒரு பத்திரத்துல கையெழுத்து போடச் சொன்னாரு. முடியாதுன்னேன். வாக்குவாதம் ஆச்சு. கிளம்பிட்டேன். கெங்கம்மா சாட்சியா அவ்ளோதான் மேடம்."

"என்ன பத்திரம்?"

கன்னையா வேட்டி நுனியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"எதுக்குக் கையெழுத்து?"

"அது... குடும்ப விசயம்."

"உங்க தங்கச்சியைக் கூத்தியான்னு சொல்றான் ஒருத்தன். தங்கச்சி புருஷன் ஐஸ் பெட்டியில கிடக்கறாரு. இதுக்கு மேல என்னய்யா குடும்ப விசயம்?"

கமிட்டித் தலைவர் தரையைப் பார்த்தார், மீசையைத் தடவினார், அவ்வளவுதான். ரேகாவுக்கு அந்த ஆளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

ஃபோன் வந்தது. போஸ்ட்மார்ட்டம் டாக்டர். காபியில் தூக்க மாத்திரை. அப்புறம் தலையணையால் மூச்சை அடைத்திருக்கிறார்கள்.

ரேகா எழுந்து வெளியே வந்தாள். பெஞ்சின் ஒரு கோடியில் அலர்மேல்மங்கை. மறு கோடியில் அந்த ரத்னம்மா, பிரபாகர் வாங்கிக் கொடுத்த ஃப்ரூட் ஜூஸை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கட்டிய புருஷன் செத்த துக்கம்!

"ரத்னம்மா, வாங்க. ஸ்டேட்மெண்ட் எழுதணும். பிரபாகர், அந்த போட்டோவைக் குடுங்க."

அவன் கொடுத்தது பழைய போட்டோவைப் பெரிதுபடுத்திய பிரதி. யூனிஃபார்மில் தாமோதரன், பக்கத்தில் பட்டுப் புடவை, மூக்குத்தி, தலை நிறையப் பூவோடு ஒரு பெண். ஆபீசர் கையெழுத்தும் சீலும் ஓரத்தில் இருந்தன. அந்த முகமும் எதிரில் நின்ற முகமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதே அகன்ற தாடை. அதே சப்பை மூக்கு.

ஒருவேளை இது நிஜமாகவே இருந்துவிட்டால்...?

"இதுல இருக்கிறது யாரு?"

"நேனே... நான்தாம்மா." ரத்னம்மா மூக்கைச் சிந்தினாள். "ரிடையர் ஆவறப்ப எடுத்தது. திருப்பதி ஸ்டுடியோவுல. கெங்கம்மா ஜாத்தர டைமு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? இந்தப் புடவை அவரே எடுத்துக் குடுத்தாரு. எனக்கா ஒரே வெக்கம். அவருதான் தோள்மேல கை போட்டு இஸ்து பக்கத்துல குந்த வெச்சிகினாரு. அப்புறம் லாலா கடைல அல்வா வாங்கி ஊட்டி உட்டாரு. அவ்ளோ ஆசை என்மேல!"

உள்ளே உட்கார்ந்திருந்த கன்னையாவுக்குப் புரையேறியது. இருமு இருமென்று இருமினார். கங்கையா தண்ணீர் கொடுத்தார்.

"எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க கங்கையா. இந்த போட்டோவுல இருக்கிற பெண் நானேதான்னு இருக்கா? கையெழுத்து போடுங்க ரத்னம்மா. பிரபாகர், சாட்சிக் கையெழுத்து நீங்க."

இரண்டு பேரும் சந்தோஷமாகப் போட்டார்கள்.

ரேகா போட்டோவை எடுத்துக்கொண்டு அலர்மேல்மங்கையிடம் போனாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் இந்த போட்டோவைப் பத்தி உங்ககிட்ட சொல்லியிருக்காரா?"

"கட்டம் மாறினதை மட்டும்தான் சொன்னாரு. போட்டோவைப் பத்திக் கேட்டா... அது ஒண்ணுமில்ல, அதையும் சேத்து மாத்திடறேன்னு மழுப்பிடுவாரு." அவள் குரல் உடைந்தது. "வேணாம் மேடம். நான் பாக்க மாட்டேன். அதுல வேற ஒருத்தி இருந்துட்டா... இத்தனை வருசம் நான் பொழைச்சதெல்லாம் இன்னா பொழப்பு?"

"பாத்துடுங்கம்மா. பாக்காம இருந்தா அந்தச் சந்தேகமே உங்களைத் துன்னுடும்."

அலர்மேல்மங்கை கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். வாங்கினாள். மெல்லத் திறந்தாள்.

பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு... சிரித்தாள்!

முதலில் மெதுவாக. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.

"பிச்சி புடிச்சிருச்சா... பைத்தியமா?" கங்கையா பதறினார்.

"மேடம்... இந்தப் பட்டு... என் கல்யாணப் பட்டு மேடம்! பொட்டியில பூட்டி வெச்சிருந்தேன். கெங்கம்மாவுக்கு வேண்டுதல்னு வாங்கிகினு போனது..." அவள் கை உள்ளே உட்கார்ந்திருந்தவர் பக்கம் நீண்டது. "எங்க அண்ணன்!"

ரேகா ஒரே பாய்ச்சலில் உள்ளே போனாள். மேஜை மேலிருந்த ரப்பர் ஸ்டாம்ப் டப்பாவை எடுத்துக் கன்னையாவின் மீசைக்குக் குறுக்கே பிடித்தாள். இன்னொரு கையில் போட்டோ.

அதே அகன்ற தாடை! அதே சப்பை மூக்கு!

"யோவ்... இது நீயா?"

கன்னையா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"நான்தான் மேடம்... அந்தப் பொம்பள நான்தான்!"

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்கள். திருப்பதிக்காரர்களுக்கு இதில் அதிசயமே கிடையாது. கங்கம்மா ஜாத்திரை வந்தால், வேண்டிக்கொண்ட ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, நகை போட்டு, பெண் வேஷத்தில் போய் அம்மனைக் கும்பிடுவார்கள். தாத்தா கட்டுவார், பேரன் கட்டுவான், தாசில்தாரும் கட்டுவார்.

"நானும் வருசா வருசம் கட்டறேன் மேடம்," என்றார் கங்கையா பெருமையாக. "எனக்கு சிவப்புப் புடவைதான் பாந்தமா இருக்கும்."

"நீங்க சும்மா இருங்க. கன்னையா... சொல்லுங்க!"

"மாப்ள அப்ப லீவுல வந்திருந்தாரு. ரிடையர் பேப்பருக்கு பொண்டாட்டியோட எடுத்த போட்டோ அவசரமா வேணும்னு தந்தி மாதிரி லெட்டரு. மங்காவுக்கு அப்ப மொட்டை. பார்டர்லேர்ந்து புருசன் உசுரோட வரணும்னு வேண்டிகினு மலையில முடி குடுத்துட்டு வந்திருந்துச்சு. மொட்டைத் தலையோட போட்டோவுக்குக் குந்த மாட்டேன், எல்லாரும் சிரிப்பாங்கன்னு ஒரே அடம். மறுநாள் மாப்ளைக்கு ரயிலு. நான் வேஷம் கட்டிகினு கோயில்லேர்ந்து வந்துகினு இருந்தேன். மீசையும் எடுத்திருந்தேன். மச்சான், செத்த நேரம் பக்கத்துல குந்துன்னாரு... குந்திட்டேன்."

அல்வா எதுவும் ஊட்டவில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

ரேகா மெல்லத் திரும்பினாள்.

"ஏம்மா ரத்னம்மா... இந்த போட்டோவுல இருக்கிறது நீதானே? கையெழுத்து போட்டிருக்கியே!"

ரத்னம்மாவின் கையிலிருந்து ஜூஸ் பாட்டில் நழுவியது.

"அய்யய்யோ... நான் ரத்னம்மா இல்ல மேடம்! என் பேரு மஞ்சு! பலமனேர் தக்காளி மண்டில கூலிக்காரி! இந்தாளுதான் வந்து, உன் மூஞ்சி அச்சு அசல் இந்த போட்டோ மாதிரியே கீது, அழுதா போதும், மாசாமாசம் பென்ஷன் வரும்னான். பேரு மாத்தி ஆதாரு அவன்தான் எடுத்துக் குடுத்தான். சாவடிக்கப் போறான்னு எனக்குத் தெரியாது! காரியம் முடிஞ்சுது, அழறதுக்கு ரெடியா இருன்னு நேத்து சாயங்காலம் போன் பண்ணான்! திருப்பதிலேர்ந்துதான் பேசினான்!"

பிரபாகர் வாசலை நோக்கிப் பாய்ந்தான்.

கங்கையா உட்கார்ந்த இடத்திலிருந்தே லத்தியை நீட்டினார். அவன் குப்புற விழுந்தான். கிரிக்கெட் தொப்பி எகிறிப் போய் விழுந்தது.

உள்ளே பளபளவென்று புது மொட்டை! காதோரம் இன்னும் கழுவாத சந்தனம்!

"நேத்து முழுக்க சித்தூர்லதான் இருந்தியோ?" கங்கையா அந்த மொட்டையில் பட்டென்று ஒன்று வைத்தார். "சித்தூர்ல எந்த ஏழுமலையான்டா உனக்கு மொட்டை போட்டான்?"

ரேகா அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள்.

"எதுக்குடா? ஒரு தப்பைத் திருத்திக் குடுக்கத்தானே அந்த மனுஷன் உன்கிட்ட வந்தாரு?"

அவன் வாயோரம் ரத்தத்தைத் துடைத்தான். வெட்கமே இல்லாமல் பேசினான்.

"ரெக்கார்டைத் திருத்தறது லேசுன்னு நினைச்சீங்களா மேடம்? எத்தனை ஆபீஸ், எத்தனை கையெழுத்து, எத்தனை பேர் கால்ல விழணும்? ரெக்கார்டை மாத்தறதை விட பொண்டாட்டியை மாத்தறது ஈஸி. அந்தாளு வேற ஆளை வெச்சுப் பாத்துக்கறேன்னு பேப்பரையெல்லாம் திருப்பிக் கேட்டாரு. திருந்திடுச்சுன்னா என் பிளானு என்ன ஆவறது? எவனாவது பொம்பளை வேஷம் கட்டி போட்டோ எடுத்திருப்பான்னு நான் கனவா கண்டேன்?"

ரேகா காலரை விட்டாள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு தரம் கழுவினாள். அப்படியும் அருவருப்பு போகவில்லை.

"இவனை உள்ள தள்ளுங்க கங்கையா. இதுக்கு முன்னாடி எத்தனை பொண்டாட்டியை மாத்தினான்னு தோண்டி எடுக்கணும்."

பிறகு அவள் கன்னையாவின் பக்கம் வந்தாள்.

"அவன் கேடி. துட்டுக்காகச் செஞ்சான். உங்களுக்கு என்னய்யா வந்துச்சு? அந்தப் பொம்பளை புரண்டு அழுதப்பவே பொய்யின்னு உங்களுக்குத் தெரியும். பிணவறை வாசல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"கமிட்டித் தலைவரா இருக்கேன் மேடம். வேஷம் கட்டினது வேண்டுதலு, அதுல வெக்கமில்ல. ஆனா கவர்மெண்ட்டு பேப்பருல மச்சானுக்குப் பொண்டாட்டியா குந்தினேன்னு சொன்னா... கேஸ் ஆயிடும், நகரியே கை கொட்டிச் சிரிக்கும்னு..."

"அதைத்தான் நேத்து பத்திரத்துல எழுதிக் குடுங்கன்னு அவர் கெஞ்சினாரு. நீங்க மீசையை முறுக்கிகிட்டு இறங்கிப் போனீங்க. நீங்க போன பின்னாடிதான் அவன் காபியோட வந்தான். கூட இருந்திருந்தா அந்த மனுஷன் உயிரோட இருந்திருப்பாரு!"

கன்னையா விசும்பினார். ரேகாவுக்கு இரக்கம் வரவில்லை. தங்கையை 'சேர்த்துக்கிட்டவள்' என்று சொன்னபோது வராத கண்ணீர் இப்போது வந்து யாருக்கு என்ன லாபம்? த்தூ!

அவள் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாள்.

"ஹவில்தார் தாமோதரன் பாடியை அவரோட மனைவி அலர்மேல்மங்கைகிட்ட குடுங்க. ஆமா, மனைவி. எழுதிக்குங்க. கட்டம் பாத்து எழுதுங்க!"

கன்னையா தள்ளாடி எழுந்தார். வெள்ளை வேட்டி அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல், பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கையின் காலடியில் அப்படியே உட்கார்ந்தார்.

"மங்கா... என்னை மன்னிச்சுடும்மா. சித்தூரு, டில்லி, நீ எங்க கூப்ட்டாலும் வரேன். அந்த போட்டோவுல கீறது நான்தான், என் தங்கச்சிதான் அவரு பொண்டாட்டின்னு எத்தனை பத்திரத்துல வேணும்னாலும் கையெழுத்து போடறேன். ரெக்கார்டைத் திருத்திடலாம்மா!"

அலர்மேல்மங்கை போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யூனிஃபார்மில் அவள் புருஷன். வேறு எவளும் இல்லை. எந்தக் காலத்திலும் வேறு எவளும் இருந்ததில்லை. அது தெரிந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை, நிற்காமல் வந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருவது வருசமா கவர்மெண்ட்டு கணக்குல என் புருசனுக்கு நீதான் பொண்டாட்டியா இருந்துகினு கீறே... ஒரு நாளாச்சும் அந்த மனுசனுக்கு ஒரு வாய் சோறாக்கிப் போட்டியாடா அண்ணா?"